ஏபிகே, டேக் நம்பர், அப்புறம் ஹால்ல இருக்கற டிவி பாக்ஸ்

2022 தீபாவளிக்கு முன்னாடி எங்க சித்தி வீட்ட சுத்தம் பண்ண ஆள் தேடிட்டு இருந்தாங்க. மலேசியாவுல பினாங்கு, ஆயர் ஈத்தாம்ல ஃப்ளாட், ஏழாவது மாடி, முட்டி வலி வேற, நாற்காலி மேல ஏறி ஃபேன் தொடைக்கறதெல்லாம் இனிமே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஃபேஸ்புக்ல ஒரு விளம்பரம் கண்ணுல பட்டுச்சு, மூணு மணி நேரம் க்ளீனிங், வெல ரொம்ப சீப். வாட்ஸ்அப்ல கேட்டா நல்ல மரியாதையா மலாய்ல பதில் வருது, "இந்த ஆப்ப போட்டுக்குங்க காக், அதுலதான் புக்கிங், டெபாசிட் அஞ்சு வெள்ளி மட்டும்"னு (காக்னா மலாய்ல அக்கா, வெள்ளின்னா எங்க ஊர் ரிங்கிட்). சித்தி போட்டாங்க. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வாக்குல பேங்க்லேர்ந்து பதினோராயிரத்து சொச்சம் வெள்ளி நாலு தவணையா வெளிய போயிருச்சு. போன் தலைமாட்டுலயேதான் இருந்துச்சு, ஒரு எஸ்எம்எஸ் சத்தம் கூட கேக்கல.

மறுநாள் வீட்ல பஞ்சாயத்து கூடிருச்சு. சித்தப்பாவுக்கு ஒரே கோவம், யார கேட்டு கண்ட ஆப்ப போட்டேன்னு. மச்சான் ஒருத்தன் கேஎல்லேர்ந்து போன்லயே தீர்ப்பு சொல்லிட்டான், "ஐபோனா இருந்தா இது நடந்திருக்குமா, ஆண்ட்ராய்டு ஓபன் சிஸ்டம்லா, தொறந்த வீடு, எது வேணா உள்ள பூரும்". இதே பேச்ச மாமாக் கடைல, கோயில் அன்னதான வரிசைல, எங்க பாக்டரி கேன்டீன்ல எத்தன தடவ கேட்டிருப்பேன்னு கணக்கில்ல. ஓபன்னா ஆபத்து, மூடி இருந்தா பத்திரம். நான் ஒண்ணும் செக்யூரிட்டி எக்ஸ்பர்ட் இல்ல, பாயான் லெப்பாஸ்ல டெஸ்டிங்ல வேல பார்க்கறவன், பழைய போன பிரிச்சு மேயறது பொழுதுபோக்கு, அவ்வளவுதான். ஆனா இந்த தீர்ப்பு பாதிதான் சரி, மீதி பாதிய யாரும் பேசறதே இல்லங்கறது எனக்கு ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு.

சித்தி ஹேன்போன வாங்கி ஒக்காந்து பார்த்தேன். மொதல்ல ஒரு விஷயம், ஏபிகேங்கறது ஆண்ட்ராய்டு ஆப்ப போன்ல ஏத்தற ஃபைல், அந்த பேர கேட்டாலே வைரஸ்னு நெனைக்கறாங்க, அப்படி இல்ல, ப்ளே ஸ்டோர்லேர்ந்து வர்றதும் கடைசில போன்ல போய் ஒக்கார்றது ஏபிகேயாதான். நாசி லெமாக் பொட்டலம் மாதிரி வெச்சிக்குங்களேன், மேல சுத்துன பேப்பர பார்த்து உள்ள நெத்திலியா கல்லான்னு சொல்ல முடியாது, யாரு கட்டுனதுங்கறதுதான் விஷயம். சித்திக்கு வந்த பொட்டலம் வாட்ஸ்அப் லிங்க் வழியா வந்துச்சு, போன் ஒரு தடவ எச்சரிச்சிருக்கு, இந்த எடத்துலேர்ந்து போடலாமான்னு கேட்டிருக்கு, அந்த ஆளு வாட்ஸ்அப்ல படம் போட்டே சொல்லிக் குடுத்திருக்கான், "இங்க அமுக்குங்க காக், இது சாதாரணமா வர்றதுதான்". ஆப் தொறந்த உடனே அது கேட்டது ஒண்ணே ஒண்ணு, என்னைய உங்க எஸ்எம்எஸ் ஆப்பா வெச்சிக்கலாமான்னு. வீடு கூட்ட வர்றவளுக்கு எஸ்எம்எஸ் எதுக்குன்னு இப்ப கேக்கறோம், அன்னைக்கு மூணாவது தடவையா ஏதோ ஒரு பெட்டி வருது, ஓகேய அமுக்குனாதான் அடுத்தது போகும், யாரா இருந்தாலும் அமுக்கிருவாங்க. நான் கூட அமுக்கிருப்பேன், சும்மா சொல்லக் கூடாது.

அப்புறம் அஞ்சு வெள்ளி கட்டறதுக்கு, ஆன்லைன்ல பேங்க் வழியா காசு கட்டற எஃப்பிஎக்ஸ் மாதிரியே ஒரு பக்கம், எல்லா பேங்க் சின்னமும் வரிசையா. அதுல யூசர்நேம், பாஸ்வேர்டு அடிச்சாங்க. நெஜ பேங்க் பக்கமா இருந்தா பாஸ்வேர்டு கேக்கறதுக்கு முன்னாடி நாம எப்பவோ தேர்ந்தெடுத்து வெச்ச வார்த்தையோ படமோ வரணும், அது வரல, சித்தி கவனிக்கல. பக்கம் எரர்னு சொல்லிருச்சு, அஞ்சு வெள்ளி கூட போகல, சரி நாளைக்கு பார்க்கலாம்னு படுத்துட்டாங்க. பாஸ்வேர்டு கெடச்சாச்சு, ஆனா பணம் மாத்த டேக் நம்பர் வேணுமே. மத்த ஊர்ல ஓடிபின்னு சொல்றாங்களே, அத நாம டேக்னு சொல்லி பழகிட்டோம், எஸ்எம்எஸ்ல வர்ற ஆறு நம்பர். ராத்திரி அவங்க கேக்க கேக்க பேங்க் ஒழுங்காதான் அனுப்பியிருக்கு, ஆனா எஸ்எம்எஸ் ஆப்பே அவனோடது, வந்த மெசேஜ படிச்சு அங்க அனுப்பிட்டு, இங்க சத்தமே போடாம மறைச்சிருச்சு. பேங்க் கம்ப்யூட்டர் பார்வைல எல்லாமே சரி. பேரு சரி, பாஸ்வேர்டு சரி, டேக் சரி, சித்தியே ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அனுப்புன மாதிரி.

இங்கதான் மச்சானோட பாதி உண்மைய ஒத்துக்கணும். ஐபோன்ல வெளிய இருக்கற ஆப் எதுக்கும் எஸ்எம்எஸ் பெட்டிய தொறந்து படிக்க வழியே கெடையாது, நீங்களே மனசார குடுக்கணும்னு நெனைச்சாலும் அந்த பெர்மிஷனே இல்ல. வாட்ஸ்அப்ல வந்த ஆப்ப இப்படி லேசுல போடவும் முடியாது. அதனால சித்திக்கு நடந்தது அச்சு அசலா ஐபோன்ல நடந்திருக்காது, சரி. ஆனா கேக்க வேண்டிய கேள்வி வேற. பதினோராயிரம் வெள்ளியோட சாவிய எவன் வேணா படிக்கக் கூடிய ஒரு மெசேஜ்ல ஏன் போட்டு அனுப்புனாங்க?

எஸ்எம்எஸ் இந்த வேலைக்கு பொறந்ததே இல்ல. ஹேன்போன் நெட்வொர்க்குக்கு விதி எழுதுன ஜிஎஸ்எம் கமிட்டில ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட்னு ஒரு ஜெர்மன்காரர் 1985-ல டைப்ரைட்டர் முன்னாடி ஒக்காந்து, மனுஷன் சொல்ல வர்றத 160 எழுத்துல சொல்லிரலாம்னு கணக்கு போட்டாரு, டவரும் போனும் தங்களுக்குள்ள பேசிக்கற சிக்னல் வழில கொஞ்சம் எடம் சும்மா கெடந்துச்சு, அதுல ஏத்திவிட்டாங்க. (தமிழ்ல அடிச்சா 70 எழுத்துதான், அந்த காலத்துல தீபாவளி வாழ்த்து அனுப்பி ரெண்டு மெசேஜ் காசு போனவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.) மொதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்துல போச்சு, மெர்ரி கிறிஸ்மஸ்னு ரெண்டு வார்த்த. வாழ்த்து சொல்ல செஞ்ச வண்டி அது. பூட்டு கெடையாது, அனுப்புனவன் பேர் நெஜமான்னு பார்க்க ஆள் கெடையாது, எல்லார் போன்லயும் இருக்குது, சல்லிசா முடியுது, புதுசா ஒண்ணும் குடுக்க வேண்டியதில்லன்னு பேங்க்குங்க அதுல சாவிய தொங்க விட்டாங்க. மலேசியா மட்டும் இல்ல, ஒலகம் பூரா இதே கததான்.

இன்னொன்னும் இருக்கு, இது ஐபோன்காரங்க கொஞ்சம் காது குடுத்து கேக்கணும். பழைய 2ஜி நெட்வொர்க்ல போன்தான் டவர்கிட்ட நான் இன்னார்னு நிரூபிக்கணும், டவர் போன்கிட்ட ஒண்ணும் நிரூபிக்க வேண்டியதில்ல. ரோட்ல நிக்கறவன் போலீஸ் உடுப்பு போட்டிருந்தா அவன்கிட்ட ஐசி (அடையாள அட்டை) கேக்காம நாம நம்ம ஐசிய நீட்டற மாதிரி. 3ஜிலேர்ந்து ரெண்டு பக்கமும் நிரூபிக்கணும்னு மாத்திட்டாங்க. நம்ம நாட்ல 2021 கடைசில மூடுனது எதன்னா 3ஜிய, 2ஜிய அப்ப விட்டு வெச்சாங்க, பட்டன் போன் வெச்சிருக்கற பாட்டிங்களுக்காகவும் சின்னச் சின்ன மெஷினுங்களுக்காகவும். இத தெரிஞ்சவன் கார் பூட்ல ஒரு போலி டவர வெச்சிட்டு ஊர சுத்துறான், பக்கத்துல இருக்கற போனயெல்லாம் 2ஜிக்கு இறக்கி, பேங்க் பேர்லயோ டெல்கோ (போன் லைன் கம்பெனி) பேர்லயோ எஸ்எம்எஸ் அடிக்கறான். 2024-ல கிள்ளான் பள்ளத்தாக்கு பக்கம் இப்படி சுத்துன ஆளுங்கள போலீஸ் பிடிச்சாங்க. 2023 மே 2-ஆம் தேதிலேர்ந்து லிங்க் இருக்கற எஸ்எம்எஸ்ஸ டெல்கோங்க தடுக்கணும்னு தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி உத்தரவு போட்டிருந்துச்சு, நல்ல உத்தரவுதான், ஆனா போலி டவர் மெசேஜ் டெல்கோ வழியா வர்றதே இல்லையே, நேரா கார்லேர்ந்து போனுக்கு. சல்லடையெல்லாம் டெல்கோ வீட்ல, எலி ரோட்ல. சில ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ்க்குள்ள போய் 2ஜிய நிப்பாட்டலாம், ஐபோன்ல லாக்டவுன் மோடுன்னு ஒண்ண போட்டா நிக்கும், ஆனா அத போட்டா மத்த வசதியும் பாதி போயிரும், எவன் போடுவான்.

சித்திய வீட்ல எல்லாரும் படிக்காதவங்க மாதிரி பேசுனாங்க பாருங்க, அதுதான் எனக்கு தாங்கல. எண்பதுகள்ல பாயான் லெப்பாஸ்ல ஒரு பாக்டரில சில்லு, அதான் கம்ப்யூட்டர் சிப், செஞ்ச ஆளு அவங்க. மைக்ராஸ்கோப்ல கண்ண வெச்சு, தலைமுடிய விட மெல்லிசான தங்கக் கம்பிய ஒட்டற வேல, ஷிஃப்டுக்கு ஷிஃப்டு. பினாங்கு இன்னைக்கு சில்லு ஊரா இருக்குன்னா 1972-ல வயலா இருந்த எடத்துல இன்டெல் வெளிநாட்ல மொத பாக்டரிய போட்டதும், அதுக்கப்புறம் வந்த கம்பெனிங்களும், அந்த கம்பெனிங்கள்ல கண்ணு போன சித்தி மாதிரி ஆளுங்களும்தான் காரணம். அவங்க சொல்வாங்க, லைன்ல ஒக்கார்றதுக்கு முன்னாடி கையில ஒரு பட்ட கட்டணும், அதுலேர்ந்து ஒயர் பூமிக்கு போகும். நம்ம ஒடம்புல இருக்கற ஸ்டாட்டிக் கரண்ட் நமக்கே தெரியாது, ஆனா ஒரு தொடுதல்ல சில்லு செத்துரும். சூப்பர்வைசர் தெனமும் வந்து "ஜாக்கிரதையா தொடு, ஸ்டாட்டிக்க கவனி"ன்னு உபதேசம் பண்ணல, கவனிச்சாலும் கண்ணுக்கு தெரியாதத எப்படி தடுக்க முடியும், பட்டைய கட்டுன்னு சொன்னாங்க, பட்ட போட்டிருந்தா தூக்கக் கலக்கத்துல தொட்டாலும் சில்லுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த அறிவு 40 வருஷத்துக்கு முன்னாடியே இந்த தீவுல இருந்துச்சு. பேங்க்குக்கும் போனுக்கும் வரும்போது மட்டும் நமக்கு கெடைக்கறது போஸ்டர், "ஏமாறாதீர்கள்"னு.

நியாயமா சொல்லணும்னா நம்ம நாட்டு மத்திய வங்கி பேங்க் நெகாரா பட்டைய கட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. சித்திக்கு நடந்ததுக்கு ஒரு மாசம் முன்னாடி, 2022 செப்டம்பர்ல, அஞ்சு விஷயம் அறிவிச்சாங்க. எஸ்எம்எஸ்ல டேக் அனுப்பறத விட்டுட்டு வேற வழிக்கு மாறணும், சந்தேகமான பணப் போக்க பிடிக்கற சிஸ்டத்த இறுக்கணும், புது போன்ல பதிவு பண்ணா கொஞ்ச நேரம் காக்க வைக்கணும், ஒரு ஆளுக்கு ஒரு போன்லதான் ஒப்புதல், மோசடிக்குன்னு தனி ஹாட்லைன். இதுல உண்மையான கைப்பட்டை எதுன்னா அந்த மொதல் ஒண்ணும் காக்க வைக்கறதும்தான். இப்ப பேங்க் ஆப்க்குள்ளயே ஒப்புதல் கேக்குது, யாருக்கு எவ்வளவுன்னு திரையிலயே காட்டுது, அந்த சாவி போனுக்குள்ள பாதுகாப்பான எடத்துல ஒக்காந்திருக்கு, வான் வழியா பறந்து வர்றதே இல்ல, அதனால எஸ்எம்எஸ்ஸ படிச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல. புது போன்ல எவனாவது சித்தி பேர்ல பதிவு பண்ணா பல பேங்க்ல 12 மணி நேரம் நிக்கணும், அதுக்குள்ள மெயிலோ மெசேஜோ வந்துரும், ராத்திரி ரெண்டு மணி வேல நடக்காது. மோசடில காசு போனா கூப்பிட நாடு பூராவுக்கும் பொதுவான 997 நம்பரும் அந்த 2022 அக்டோபர்லதான் தொடங்குனாங்க, எங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் அப்ப காலைல எட்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும்தான். காசு போனா மொதல் சில மணி நேரம்தான் உயிர், அதுக்குள்ள கூப்பிட்டா போற வழில பணத்த நிறுத்தலாம், அப்புறம் அது மோசடிக்கு வாடகைக்கு எடுத்த கணக்கு மாத்தி கணக்குன்னு தாவி கரைஞ்சிரும். சித்தி கணக்குலேர்ந்து போன கடைசி தவண மட்டும் திரும்பக் கெடச்சுது. மீதி மூணும் போச்சு.

ஐபோன் வாங்கிட்டா தப்பிச்சோம்ங்கற பேச்சுக்கு திரும்ப வர்றேன். மக்காவ் ஸ்கேம்னு நாம சொல்றோமே, அதுல எந்த ஆப்பும் கெடையாது, வெறும் பேச்சுதான். கோர்ட்லேர்ந்து பேசறேன், உங்க பேர்ல கடன் இருக்கு, போலீஸ்கிட்ட கனெக்ட் பண்றேன்னு ஆரம்பிச்சு, உங்க ஐசி நம்பர அவனே படிச்சுக் காட்டுவான், அதுல நடுங்கிப் போயி படிச்சவங்க ரிட்டயர் ஆனவங்கன்னு எல்லாரும் அவங்களே பேங்குக்கு போய் மாத்தி விடறாங்க. ஐசி நம்பர் அவனுக்கு எப்படி தெரியும்னு ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. 2017 அக்டோபர்ல வெளிய தெரிஞ்ச கசிவுல மட்டும் 4 கோடியே 62 லட்சம் ஹேன்போன் நம்பரோட விவரம் போச்சு, நம்ம ஜனத்தொகைய விட ஜாஸ்தி, பேர், வீட்டு அட்ரஸ், ஐசி எல்லாம். பாஸ்வேர்ட மாத்தலாம், ஐசி நம்பர மாத்த முடியுமா? அது கசிஞ்சது கசிஞ்சதுதான், நம்ம கூடவேதான் சுடுகாடு வரைக்கும் வரும். அந்த தகவல் கசிஞ்சது தொறந்த ஆண்ட்ராய்டுலேர்ந்து இல்ல, நாம எட்டிப் பார்க்கவே முடியாத மூடுன சிஸ்டத்துலேர்ந்து.

இப்ப என் கதைக்கு வர்றேன், கொஞ்சம் சொந்த கோவமும் இருக்கு. என்கிட்ட ஒரு பழைய போன் இருக்கு, கம்பெனி அப்டேட் குடுக்கறத எப்பவோ நிறுத்திருச்சு. ஹார்ட்வேர் நல்லா இருக்கு, பேட்டரிய பிராங்கின் மால்ல மாத்துனேன், அதுல லீனேஜ் ஓஎஸ் போட்டேன். ஆண்ட்ராய்டோட மூல கோட் வெளிய கெடக்கறதால தன்னார்வலர்ங்க சேர்ந்து பழைய போனுக்கும் புது அப்டேட் செஞ்சு குடுக்கற சிஸ்டம் அது, மாசா மாசம் ஓட்டைய அடைக்கறாங்க. பேங்க் ஆப்ப தொறந்தேன், இந்த போன் பாதுகாப்பா இல்ல, போய் வான்னு மூடிருச்சு. அதே மாடல் போன், கம்பெனி கடைசியா குடுத்த பல வருஷப் பழைய சாஃப்ட்வேரோட, ஓட்ட மேல ஓட்டையா, எங்க அப்பாகிட்ட இருக்கு, அதுல அதே ஆப் சிரிச்சுகிட்டே தொறக்குது. ஏன்னா ஆப் பார்க்கறது போன்ல ஓட்ட இருக்கா இல்லையான்னு இல்ல, கூகுள் முத்திர குத்துன சிஸ்டமா இல்லையான்னு. பேங்க் பக்கம் ஒரு நியாயம் இருக்கு, ரூட் பண்ண, அதாவது சிஸ்டம் பூட்ட உடைச்ச, போன்ல கெட்ட ஆப் எது வேணா செய்யலாம், அவங்களுக்கு எந்த போன் நல்லவன் கையில இருக்கு எது திருடன் கையில இருக்குன்னு தெரியாது. அது புரியுது. ஆனா பத்திரம்ங்கற பேர்ல அளக்கறது வேற ஏதோன்னு தெரிஞ்சா எரிச்சல் வராதா.

இந்த எரிச்சல்தான் இப்ப பெருசாகப் போகுது. 2025 ஆகஸ்ட்ல கூகுள் ஒரு அறிவிப்பு விட்டுச்சு, ஆப் செய்றவங்க யாரா இருந்தாலும், ப்ளே ஸ்டோர்ல போடாட்டியும், தங்களோட அடையாளத்த கூகுள்கிட்ட பதிவு பண்ணணும், பண்ணாதவங்க ஆப் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்ல ஏறாது. 2026 செப்டம்பர்ல தொடங்கற மொத நாலு நாடு எதெதுன்னா பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. மேப்ப விரிச்சு பாருங்க, நமக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, தண்ணிக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, நடுவுல நாம. 2027-லேர்ந்து மத்த நாட்டுக்கும் வரும்னு சொல்லியிருக்காங்க. ஏன் இந்த வட்டாரம்னு கேட்டா சித்திக்கு நடந்ததேதான் காரணம், போலி ஆப் மோசடி இங்க அவ்வளவு. சிங்கப்பூர்ல 2024-லயே ப்ளே ப்ரொடெக்ட்னு போன்லயே இருக்கற கூகுள் காவல் வழியா ஒரு தடுப்ப சோதனை பண்ணாங்க, வெளியிலேர்ந்து வர்ற ஆப் எஸ்எம்எஸ் படிக்கற, நோட்டிபிகேஷன் பார்க்கற, ஆக்ஸசிபிலிட்டிய பிடிக்கற பெர்மிஷன கேட்டா போடவே விடாது. அது எனக்கு ரொம்ப சரியா பட்டுச்சு, ஆபத்தான சாவிய கேக்கறவன மட்டும் நிறுத்தற மாதிரி. ஆக்ஸசிபிலிட்டின்னா கண்ணு தெரியாதவங்களுக்கு திரைய படிச்சு சொல்றதுக்காக வெச்ச வசதி, திரைல இருக்கறத படிக்கவும் நமக்கு பதிலா அமுக்கவும் அதால முடியும், திருடனுக்கு வேற என்ன வேணும். ஆண்ட்ராய்டு 13-லேர்ந்தே வெளி ஆப்புக்கு அத குடுக்கறதுல கூடுதல் தடை வெச்சிட்டாங்க.

ஆனா எல்லாரும் அடையாளம் காட்டணும்ங்கறது அப்படி இல்ல. எஃப் ட்ராய்டுன்னு 2010-லேர்ந்து ஒரு கட இருக்கு, அதுல இருக்கற எல்லா ஆப்போட மூல கோடும் வெளிய தெரியும், விளம்பரமோ ஒளிஞ்சு பார்க்கற வேலையோ எதுலயாவது இருந்தா வெளிப்படையா சொல்லிருவாங்க, என் போன்ல பாதி ஆப் அங்கேர்ந்துதான். பதிவு கட்டாயம் வந்தா எங்க கட நடத்தவே முடியாதுன்னு அவங்க சொல்லிட்டாங்க, ஏன்னா அங்க ஆப் செய்றவங்கள்ல நெறைய பேர் சம்பளமில்லாம செய்றவங்க, தன்னோட ஐடிய ஒரு கம்பெனிகிட்ட குடுக்க இஷ்டமில்லாதவங்க. சத்தம் பெருசான பிறகு 2025 நவம்பர்ல கூகுள் கொஞ்சம் இறங்கி வந்து, வெவரம் தெரிஞ்சவங்களுக்கு ஒரு தனி வழி வைப்போம்னு சொன்னாங்க. அந்த வழி பெரிய கதவா இல்ல எலிப் பொந்தான்னு வந்த பிறகுதான் தெரியும். என் சந்தேகம் வேற. பேங்க் கணக்கு தொறக்க ஐசி வேணும், கைரேக வேணும், ஆனா கொஞ்சம் காசுக்கு தன் கணக்க வாடகைக்கு விடற ஆளுக்கு இங்க பஞ்சமா? போலீஸ் செமாக் மியூல்னு ஒரு தேடற பக்கமே வெச்சிருக்காங்க, கணக்கு நம்பர போட்டா புகார் இருக்கான்னு காட்டும். அதே ஆளு நாளைக்கு தன் பேர்ல ஆப் டெவலப்பர் பதிவும் வாடகைக்கு விடுவான். நல்லவன் ஐடி குடுக்கக் கூச்சப்பட்டு போயிருவான், கெட்டவன் வாடக ஐடில உள்ள வருவான்.

சரி அப்ப ஓபன்னா சொர்க்கமான்னு கேட்டா, அதுவும் இல்ல. 2024 மார்ச்ல நடந்தது இந்த பக்கம் இருக்கறவங்களுக்கு தூக்கத்த கெடுத்துச்சு. எக்ஸ்இசட்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர், ஃபைல சுருக்கற வேல, ஒலகத்துல இருக்கற லினக்ஸ் சர்வர்ல பெரும்பாலும் இருக்கும், பார்த்துக்கிட்டது ஒரே ஒரு ஆளு, அதுவும் சும்மா. ஜியா டான்னு ஒரு பேர்ல வந்தவன் ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா ஒதவி செஞ்சு நம்பிக்கைய வாங்கி, கடைசில அதுக்குள்ள ஒரு பின்கதவ வெச்சிட்டான். ஆண்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட்னு மைக்ரோசாஃப்ட்ல வேல பார்க்கற ஒருத்தர், தன் மெஷின்ல லாகின் ஆக அர செகண்ட் கூடுதலா எடுக்குதேன்னு நோண்டுனாரு, மாட்டுச்சு. கோட் தொறந்து கெடந்ததாலதான் அவரால உள்ள போய் பார்க்க முடிஞ்சுது, மூடுன சிஸ்டமா இருந்தா கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுட்டு காத்திருக்கணும். அதே சமயம் தொறந்து கெடந்தும் வாரக்கணக்குல ஒருத்தரும் பார்க்கல, அதுவும் உண்மை. வீட்டு கதவு தொறந்திருந்தா மட்டும் போதாது, திண்ணைல ஒக்காந்து பார்க்க ஒரு ஆளு வேணும். எஃப் ட்ராய்டு மாதிரி எடத்துல ஆளு இருக்கு. எல்லா எடத்துலயும் இல்ல.

ஆளே இல்லாத எடம் எதுன்னு கேட்டா, எங்க சித்தி வீட்டு ஹால்தான். 

போன மாசம் ஞாயித்துக்கெழம போயிருந்தேன். ஹேன்போன்ல எல்லாம் கச்சிதம், பேங்க் ஆப்ல ஒப்புதல் வருது, தினசரி வரம்ப குறைச்சு வெச்சாச்சு, அவசரத்துக்கு கணக்க மூடற கில் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு சித்தியே எனக்கு காட்டறாங்க. 997-அ ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டியாச்சு, முருகன் காலண்டருக்கு கீழ. எந்த ஆப் போட்டாலும் இது என்ன பெர்மிஷன் கேக்குதுன்னு பார்த்துட்டுதான் அமுக்கறாங்க, டார்ச் லைட் ஆப் ஒண்ணு கான்டாக்ட் லிஸ்ட கேட்டுச்சுன்னு தூக்கிப் போட்டுட்டாங்களாம். எனக்கு பெருமையா இருந்துச்சு. அப்ப டிவிக்கு பக்கத்துல பார்த்தா ஒரு கருப்பு டப்பா, நீல லைட் மினுக்கிட்டு இருக்கு.

"இது எங்க வாங்குனது சித்தி?"

"உங்க சித்தப்பா கொண்டாந்தாரு. இருநூறு வெள்ளி சொச்சம், ஊர்ல வர்ற சேனல் பூரா வருதுடா, மாசக் காசு இல்ல."

இந்த டப்பாங்களுக்குள்ள இருக்கறதும் ஆண்ட்ராய்டுதான், ஆனா கூகுள் சான்று இல்லாதது. மூல கோட் இலவசமா கெடக்கறதால எவனும் எடுத்து டப்பால ஊத்தி விக்கலாம், அப்டேட் கெடையாது, தயாரிச்சவன் யாருன்னே தெரியாது. 2024 செப்டம்பர்ல டாக்டர் வெப்னு ஒரு ஆன்டிவைரஸ் கம்பெனி வோய்டுன்னு ஒரு மால்வேர பத்தி எழுதுச்சு, 197 நாட்ல கிட்டத்தட்ட 13 லட்சம் டிவி பாக்ஸ்ல அது ஒக்காந்திருக்கு, ஜாஸ்தி பாதிச்ச நாடுங்க பட்டியல்ல மலேசியா பேரும் இருந்துச்சு. 2025 ஜூன்ல எஃப்பிஐ பேட்பாக்ஸ் 2.0ன்னு இன்னொண்ண பத்தி எச்சரிக்க விட்டாங்க, இதுல சில டப்பா கடைலேர்ந்து வரும்போதே உள்ள வெச்சே வருது, ஜூலைல கூகுள் கேஸ் போடும்போது ஒரு கோடிக்கு மேல சாதனம்னு சொன்னாங்க. இதுங்க நம்ம காச நேரா திருடறதில்ல, நம்ம இன்டர்நெட் லைன வாடகைக்கு விடுதுங்க, வேற எங்கயோ நடக்கற மோசடி ஆயர் ஈத்தாம் ஏழாவது மாடி வைஃபைலேர்ந்து வந்த மாதிரி பதிவாகும். கூகுளோட புது சட்டம் இந்த டப்பாவ தொடாது, அது சான்று பெற்ற சாதனத்துக்கு மட்டும்தான். அதாவது என்னோட எஃப் ட்ராய்டுக்கு பூட்டு வரும், இந்த டப்பாவுக்கு ஒண்ணும் வராது.

இவ்வளவையும் சுருக்கி சொன்னேன். சித்தி பொறுமையா கேட்டாங்க, நடுவுல ரெண்டு நல்ல கேள்வியும் கேட்டாங்க, இதுவும் ஹேன்போன் மாதிரி அதே வைஃபைலதான இருக்குன்னு. ஆமான்னேன், குறைஞ்சது கெஸ்ட் வைஃபைல தனியா மாத்தி விடறேன், ரௌட்டர் பாஸ்வேர்டு எங்கன்னு கேட்டு எந்திரிச்சேன்.

"ஒக்காருடா, கழட்டிராத. சீரியல் முடியட்டும், இன்னைக்குதான் அந்த மாமியார் மாட்டப் போறா."